நூறு தடவை எழுதாதவள்

"புரிஞ்சுதா?" என்று சார் கேட்பார்.

"புரிஞ்சுது சாஆர்" என்று நாங்கள் அத்தனை பேரும் ராகம் போட்டுச் சொல்வோம். புரிந்ததா இல்லையா என்று யாரும் யோசித்தது கிடையாது. மணி அடித்தால் எழுந்திருப்பது போல, கேட்டால் அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த ராகம் அடங்கியதும் என் இடது பக்கத்திலிருந்து ஒரு குரல் தனியாக வரும்.

"எனக்குப் புரியலை சார்."

அதில் அழுகை இருக்காது, எகத்தாளமும் இருக்காது. குடிக்கத் தண்ணீர் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வாள். சொல்லிவிட்டு உட்காரவும் மாட்டாள். புரிகிறவரைக்கும் நிற்பாள், அல்லது அடி விழுகிறவரைக்கும்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் ஐந்தாம் வகுப்பு படித்தோம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற ரோட்டில் இறங்கி, கரிசல் காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர். ஊரில் பாதிப் பேர் எங்களைப் போலச் சம்சாரிகள். மழையை நம்பிக் கம்பும் பருத்தியும் கொத்தமல்லியும் போடுகிறவர்கள். மீதிப் பேர் தறிக்காரர்கள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். அவள் தறிக்கார வீட்டுப் பிள்ளை. தலைமுடியில் எப்போதும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். விரல் நகங்களில் ஒரு வாரம் நீலம், ஒரு வாரம் சிவப்பு. அந்த வாரம் என்ன சாயத்து நூல் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று அவள் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பேரைச் சொல்ல வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். சொன்னால் "என்னையக் கேட்டியா?" என்று சண்டைக்கு வருவாள்.

எங்கள் சார் சாயல்குடிப் பக்கத்துக்காரர். மாற்றலாகி வந்திருந்தார். கெட்ட மனுசர் இல்லை. கரும்பலகையில் அவர் எழுதினால் அச்சுப் போட்ட மாதிரி இருக்கும். அழிக்க மனசு வராது. மதியம் போடுகிற கோதுமை உப்புமாவை முதலில் தான் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டுத்தான் எங்களுக்குப் போடச் சொல்வார். ஆனால் கேள்வி கேட்டால் மட்டும் அவருக்கு ஆகாது. பாடம் என்றால் ஒப்பிக்க வேண்டும், வீட்டுப்பாடம் என்றால் எழுத வேண்டும். அவரும் அப்படிப் படித்து வந்தவர்தான். அவர் மேசையில் அடிப்பதற்குப் புளியம் விளார் ஒன்று எப்போதும் இருக்கும்.

அவர் வந்த புதிதில் நடந்தது இது. ஒருநாள் வாய்க்கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராக எழுப்பி டக்டக்கென்று கேட்டார். அவள் முறை வந்தது.

"இருபத்தொண்ணை ஏழால வகுத்தா?"

அவள் டக்கென்று சொன்னாள்: "மூடு."

வகுப்பு அப்படியே உறைந்துவிட்டது.

"என்ன சொன்ன?"

"மூடு, சார்."

விளார் சுழன்று வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. மறுபடி ஓங்கினார். தறிக்காரத் தெருப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அவர்களில் ஒருவன் பயந்து எழுந்து, "சார், மூடுன்னா தெலுங்குல மூணு சார்" என்றான்.

ஓங்கின கை இறங்கியது. சாருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பள்ளிக்கூடத்துல தமிழ்தான் பேசணும்" என்றார்.

"கணக்கு எனக்கு வீட்டுப் பேச்சுலதான் சார் வருது. வந்தபெறகு தமிழ்ல மாத்திச் சொல்லுவேன். நீங்க அவசரப்படுத்துனதுல மாத்த மறந்துட்டேன்" என்றாள். பிறகு, சிவந்த கையை மடக்காமல் அப்படியே நீட்டி வைத்துக்கொண்டு கேட்டாள். "விடை சரிதான சார்?"

"சரிதான்."

"அப்ப அடிச்சது?"

சார் அடுத்த ஆளை எழுப்பினார். அவள் அந்தக் கையை நீட்டியபடியே மணி அடிக்கும்வரை நின்றாள்.

இந்தக் குணம் ஐந்தாம் வகுப்போடு போய்விடவில்லை. எழுபதுகளில் அவளைப் பெண் பார்க்க வந்தபோது நானும் கூட இருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் பாலவனத்தத்திலிருந்து வந்திருந்தார்கள். காபி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் தாய்மாமன், "பையனைப் பிடிச்சிருக்கான்னு பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க" என்றார். சம்பிரதாயத்துக்குக் கேட்பதுதான். பெண் தலையைக் குனிந்துகொண்டால் சம்மதம் என்று அர்த்தம். இவள் தலையைத் தூக்கி, "ஒரு தடவை பாத்ததுல ஒண்ணும் தெரியலை. இன்னும் ரெண்டு தடவை வந்து பேசச் சொல்லுங்க" என்றாள். அவள் அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். தாய்மாமன் கிளம்புவதற்குச் செருப்பைத் தேடினார். மாப்பிள்ளை மட்டும் சிரித்தார். மறு வாரம் தனியாகச் சைக்கிளில் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். அவரைத்தான் கட்டிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். அவள் வீட்டுப்பாடம் செய்கிற விதத்தைப் பார்த்தால்தான் அவளைத் தெரியும். சில நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போவேன். உள்ளே குழித்தறியில் அவள் அப்பா நெய்துகொண்டிருப்பார். வாசல் பக்கம் அவள் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து தார் சுற்றுவாள். தறியில் குறுக்கே ஓடுகிற நூலைச் சின்னக் குழலில் சுற்றி வைக்கிற வேலை அது. தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும், அதனால் அவளும் நிற்க முடியாது. வலது கை ராட்டையைச் சுற்றும், இடது கை நூலைப் பிடித்திருக்கும், மடிக்குப் பக்கத்தில் சிலேட்டு கிடக்கும். கணக்கை வாய்க்குள் தெலுங்கில் முனகிக்கொண்டே சுற்றுவாள். திடீரென்று ராட்டை நின்றால், விடை வந்துவிட்டது என்று அர்த்தம், அல்லது எங்கேயோ மாட்டிக்கொண்டாள் என்று அர்த்தம். உள்ளேயிருந்து அப்பா இருமுவார். ராட்டை மறுபடி ஓடும்.

சார் எங்களுக்கு ஒவ்வொரு கணக்கையும் மும்மூன்று தடவை எழுதி வரச் சொல்வார். நாங்கள் எழுதுவோம். அவள் நோட்டில் ஒரு கணக்கு ஒரு தடவைதான் இருக்கும். அதிலும் சில கணக்குகள் பாதியில் நிற்கும். நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டு, 'இதுக்கு மேல தெரியலை' என்று எழுதியிருப்பாள்.

"வீட்டுப்பாடம்னா முடிச்சுட்டு வரணும்" என்பார் சார்.

"முடிஞ்சவரைக்கும் முடிச்சிருக்கேன் சார்."

"பக்கத்துல இருக்கிறவகிட்ட பாத்து எழுத வேண்டியதுதான?"

"அது அவ வீட்டுப்பாடம்."

இப்படியே போய்க்கொண்டிருந்தது, பின்னக் கணக்கு வருகிறவரைக்கும்.

அன்றைக்கு சார் பலகையில் அழகாக எழுதிக் காட்டினார். "ஒரு எண்ணைப் பின்னத்தால வகுக்கணும்னா, அந்தப் பின்னத்தைத் தலைகீழாப் போட்டுப் பெருக்கணும். மூணை அரையால வகுக்கணுமா? அரையைத் தலைகீழாக்கு. ரெண்டு. மூணு ரெண்டு ஆறு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சாஆர்."

"எனக்குப் புரியலை சார். வகுக்கச் சொல்லிட்டு எதுக்குப் பெருக்குறோம்?"

"அது விதி."

"யாரு போட்ட விதி சார்?"

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "போட்டா விடை வருதா இல்லையா? அப்புறம் என்ன?"

"வகுத்தா கொறையணும்னு நீங்கதான் சார் சொன்னீங்க. இதுல வகுத்தா கூடுதே. மூணு எப்படி ஆறாகும்?"

சார் பலகையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். அவர் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன். பதில் அவரிடம் இல்லை என்பது அந்த வயசிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"'பின்னத்தால் வகுக்கும்போது தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும்'. நூறு தடவை எழுதிட்டு நாளைக்கு உள்ள வா" என்றார்.

மறுநாள் அவள் வந்தாள். எழுதவில்லை. "விளங்கலை சார், அதனால எழுதலை" என்றாள். சார் வாசலைக் காட்டினார். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஜன்னலுக்குப் பக்கத்தில், உள்ளே கேட்கிற மாதிரி நின்றுகொண்டாள்.

அதற்கடுத்த நாளும் வந்தாள். வீட்டில் இருந்துவிடுவாள் என்று சார் நினைத்திருப்பார். வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் பேரைத் தாண்டிப் போனார். பதிவில் அவளுக்கு முந்தின பேர்க்காரி "உள்ளேன் ஐயா" என்றாள். சார் அடுத்த பேருக்கு வாயைத் திறக்குமுன், ஜன்னலுக்கு வெளியேயிருந்து சத்தமாக வந்தது: "உள்ளேன் ஐயா!"

முதல் நாள் நாங்கள் சிரித்தோம். சார் நிமிர்ந்து பார்த்துவிட்டு மேலே போனார். மறுநாளும் அதே இடத்தில், அதே சத்தத்தில், "உள்ளேன் ஐயா!" அதற்குப் பிறகு நாங்கள் சிரிக்கவில்லை. தினமும் அவள் பேர் வருகிற இடத்தில் சார் கொஞ்சம் வேகமாகப் போவார். எவ்வளவு வேகமாகப் போனாலும் அவள் குரல் நடுவில் புகுந்துவிடும். பங்குனி வெயில் அது. நிழல் நகர நகர அவளும் சுவரோடு நகர்ந்து நிற்பாள். நாங்கள் இடைவேளையில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்போம். குடித்துவிட்டு, "இப்ப என்ன பாடம் நடத்துனாரு? காத்துல பாதி கேக்கலை" என்பாள்.

சார் அவள் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் தறியிலிருந்து எழுந்து அப்படியே வந்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு. ரொம்பச் சாதுவான மனுசர். வாசலில் நின்று மகளிடம் தெலுங்கில் என்னவோ கெஞ்சினார். அவளும் தெலுங்கில் ஏதோ சொன்னாள். அவர் சாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

"உங்கப்பா என்ன சொன்னாரு?" என்று பிறகு கேட்டேன்.

"எழுதுனா கை தேஞ்சா போயிரும்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"நூறு தடவை எழுதுனா எனக்கே தெரிஞ்ச மாதிரி ஆயிரும்ப்பா, பெறகு கேக்கத் தோணாதுன்னேன்."

அந்த வாரத்தில்தான் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். காலையிலேயே சார் அவளிடம் வந்து, முதல் தடவையாகத் தணிந்த குரலில், "இன்னைக்கு ஒரு நாள் வீட்டுக்குப் போயிரு தாயி" என்றார். அவள் போகவில்லை. "இன்னைக்குப் பள்ளிக்கூடம் உண்டுல்ல சார்?" என்றாள்.

ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் முதலில் பார்த்ததே வெளியே நிற்கிற அவளைத்தான். ஏன் நிற்கிறாய் என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் ஜன்னலில் தொற்றிக்கொண்டோம். இனி சார் மாட்டினார், இவள் உள்ளே வந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது.

"வகுக்கிறதுக்கு எதுக்குத் தலைகீழாப் போட்டுப் பெருக்கணும்னு கேட்டேன் சார். நூறு தடவை எழுதச் சொன்னாரு. எழுதலை."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "கேள்வி கேக்கிறது நல்லதுதான். ஆனா வாத்தியார் எழுதச் சொன்னா எழுதிரணும். பெரியவங்க சொன்னா காரணம் இருக்கும்."

"உங்களுக்கு அந்தக் காரணம் தெரியுமா சார்?"

"தெரியும். உனக்குச் சொன்னா இப்ப விளங்காது."

"சொல்லிப் பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, எங்களைத் திருக்குறள் ஒப்பிக்கச் சொன்னார். டீ குடித்தார். கிளம்பிப் போனார். ஜீப் கிளப்பிய புழுதி அடங்குகிறவரைக்கும் சார் வாசலில் நின்றார். அவளும் நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் நான் அவள் வீட்டுக்குப் போனேன். ராட்டை ஓடவில்லை. அவள் அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிறக்கப்போகிற பிள்ளைக்குத் துணி வேண்டும் என்று அம்மா ஒரு பழைய சேலையை எடுத்துப் போட்டு, "அரை முழம் அரை முழமாக் கிழி" என்று இவளிடம் கொடுத்திருந்தாள். இவள் முழங்கையை வைத்து அளந்து அளந்து கிழித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மடித்து வைத்தேன்.

நடுவில் நிறுத்திவிட்டாள். கையில் இருந்த துணியையும் கிழித்துப் போட்ட துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏய், இங்க பாரு. இது மூணு முழம். இதை அரை முழமாக் கிழிச்சா எத்தனை துண்டு வரும்?"

"ஆறு."

"முழத்துக்கு ரெண்டு. அதான் ரெண்டால பெருக்குறது! மூணு முழம் ஆறு முழம் ஆகலை. துண்டுதான் ஆறு. சார் துண்டைச் சொல்லவே இல்லையே!" என்று கத்தினாள். அந்தத் துணியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தறிக்குழி வரைக்கும் ஓடி, அப்பாவிடம் தெலுங்கில் என்னவோ படபடவென்று சொன்னாள். அவர் தறியை நிறுத்திவிட்டு, ஒன்றும் விளங்காமல் தலையை ஆட்டினார். அம்மா அடுப்படியிலிருந்து, "கிழிச்சது போதும், மிச்சத்தை வையி" என்றாள்.

மறுநாள் அவள் பள்ளிக்கூட வாசலில் நின்று, "சார், விளங்கிருச்சு. இப்ப எழுதுவேன்" என்றாள்.

சாருக்கு நிம்மதி. "நூறு தடவை எழுதி முடிச்சுட்டு உள்ள வா."

"அதான் விளங்கிருச்சே சார். விளங்குனதை எதுக்கு நூறு தடவை எழுதணும்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். விளாரை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். சத்தம் ஒன்றும் வராததால் கண்ணைத் திறந்தேன். சார் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். "விளங்கலைன்னாலும் எழுத மாட்ட, விளங்கினாலும் எழுத மாட்ட. அப்ப எதைத்தான் எழுதுவ?" என்றார். கோபம் இருந்த இடத்தில் களைப்பு இருந்தது.

அவள் வாசல்படியில் உட்கார்ந்து, நோட்டை முழங்காலில் வைத்து ஒரு தடவை எழுதினாள். கொண்டுபோய் நீட்டினாள். சார் வாய்விட்டுப் படித்தார். 'மூன்று முழத்தை அரை முழமாகக் கிழித்தால் முழத்துக்கு இரண்டு துண்டு வரும். அதனால் இரண்டால் பெருக்குகிறோம்.'

இன்னொரு தடவை தனக்குள்ளேயே படித்தார். பிறகு கேட்டார். "சரி. அரையால வகுத்தா இப்படி. மூணில் ரெண்டு பங்கால வகுத்தா?"

அவள் விரல்களை மடக்கிப் பார்த்தாள். "அது இன்னும் புரியலை சார்."

சார் நோட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "எனக்கும்தான்" என்றார்.

அவர் அதை மெதுவாகச் சொன்னாலும் கடைசி வரிசைவரைக்கும் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. "போயி உன் எடத்துல உக்காரு. எல்லாருக்கும் இன்னைக்கு இதான் வீட்டுப்பாடம். எழுதிட்டு வர வேணாம். கண்டுபிடிச்சுட்டு வாங்க. நானும் பாக்குறேன்."

நாங்கள் வீட்டில் கேட்டுப் பார்த்தோம், யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் சார் கக்கத்தில் ஒரு பழைய வேட்டியோடு வந்தார். மேசையில் போட்டு, "நாலு முழம் அளந்து எடு" என்று அவளிடம் கொடுத்தார். அவள் அளந்தாள். அவரும் அவளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முழத்தையும் மூன்று மூன்றாகக் கிழித்தார்கள். வகுப்பே எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்றது. தள்ளுமுள்ளில் யாரோ மைப் புட்டியைக் கவிழ்த்துவிட்டார்கள். சார் அதைக் கண்டுகொள்ளவில்லை. துண்டுகள் பன்னிரண்டு இருந்தன. இரண்டு துண்டு சேர்ந்தால் முழத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று அவள் அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து அடுக்கினாள். ஆறு அடுக்கு வந்தது.

"மூணாக் கிழிச்சது பெருக்கல்" என்றாள் அவள்.

"ரெண்டு ரெண்டாச் சேத்தது வகுத்தல்" என்றார் சார். "மூணு மேல வந்துருச்சு. ரெண்டு கீழ போயிருச்சு. அட!" அந்த "அட"வில் அவர் எங்களைவிடச் சின்னப் பையனாகத் தெரிந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு வருகைப் பதிவில் விட்டுப்போன நாட்களையெல்லாம் அவள் பேருக்கு நேரே நிரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

ஐந்தாம் வகுப்பு முடிந்தது. எங்கள் ஊரில் அவ்வளவுதான் வகுப்பு. ஆறாம் வகுப்புக்கு அருப்புக்கோட்டைக்குத்தான் போக வேண்டும். அவள் அக்கா பிரசவம் முடிந்து புருசன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். தார் சுற்ற வீட்டில் வேறு ஆள் இல்லை. "கையெழுத்துப் போடத் தெரிஞ்சா போதும். ஆறு படிச்சு என்ன செய்யப் போற?" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். சாது மனுசர்தான், ஆனால் தறி விஷயத்தில் அசைய மாட்டார்.

சார் மாற்றுச் சான்றிதழை எழுதி அவள் கையிலேயே கொடுத்தார். "உங்கப்பா வந்து கேக்கட்டும்னு நான் காத்திருந்தா உனக்குக் கல்யாணமே ஆயிரும். பிடி" என்றார்.

சேர்க்கை நடக்கிற அன்று நான் எங்கள் ஐயாவோடு பஸ்ஸுக்கு நின்றேன். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். வீரசோழனிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகிற பஸ் வந்தது. ஏறித் திரும்பினால் அவளும் பின்னாலேயே ஏறி நிற்கிறாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்று ஐயா கேட்டார்.

"போறேன்னு சொல்லிட்டேன் மாமா. சரின்னு அவரு சொல்லலை."

ஐயா அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார்.

டவுன் பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் என்னைச் சேர்த்துக்கொண்டார். அவளிடம், "அப்பா எங்கம்மா?" என்றார்.

"தறியில இருக்காக. நான்தான் சேர வந்திருக்கேன்."

"அப்பா கையெழுத்து இல்லாம சேக்க முடியாது. போய்க் கூட்டிட்டு வா."

"அவுக வர மாட்டாக டீச்சர். நான் இங்கன இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வராந்தாவில் தூணோரம் உட்கார்ந்தாள். சாயங்காலம் எங்களோடு திரும்பினாள். அடுத்த நாள் நான் வகுப்புக்குப் போனபோது அவள் மறுபடியும் அங்கே உட்கார்ந்திருந்தாள், பஸ்ஸுக்குக் காசில்லாமல் காட்டு வழியே நடந்து வந்து. பியூன் விரட்டிப் பார்த்தான். பெரிய டீச்சர் நல்ல வார்த்தை சொல்லிப் பார்த்தார். மணி அடித்தால் உள்ளே நடக்கிற பாடத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்துவிடுவாள். வீட்டில் ராட்டையைத் தொடவே இல்லை என்று ஊரில் பேச்சு.

அந்த வாரம் முடிவதற்குள் அவள் அப்பா வந்துவிட்டார். தலையெல்லாம் பஞ்சு. வராந்தாவில் மகளைப் பார்த்துவிட்டு, நேராகப் பெரிய டீச்சர் முன்னால் போய் நின்றார். எங்கள் வகுப்பு எதிரில்தான் இருந்தது, எல்லாம் கேட்டது.

"கூட்டிட்டுப் போக வந்தீங்களா?" என்றார் டீச்சர்.

"அப்படித்தாம்மா கெளம்புனேன்" என்றார். மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை, கண்ணையும் தாழ்த்தவில்லை. "இவ இங்க உக்காந்திருந்தா அங்க தறியும் ஓடாது, இங்க பள்ளிக்கூடமும் ஓடாதும்மா. எங்க கையெழுத்துப் போடணும்?"

டீச்சர் காட்டின இடத்தில் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் போட்டார். "போம்மா, ஆறாம் வகுப்பு அந்தா இருக்கு" என்று டீச்சர் சொன்னதும், அவள் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவரைத் தாண்டி நேராக உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர் போகவில்லை. வாசல்படியில் தயங்கித் தயங்கி நின்றார். பிறகுதான் பார்த்தேன், மகளை வீட்டுக்குக் கூட்டிப் போகக் கிளம்பின அந்த மனுசர் கையில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. அதை வாசலுக்கு உள்பக்கமாக வைத்துவிட்டு, "மத்தியானத்துக்கு" என்று பொதுவாக எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.